மறக்கத் துணிந்தவர்களின் கதை: ‘எடர்னல் சன்ஷைன்’ படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நண்பர் வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், மாதத்துக்கு ஒரு முறை சிங்கப்பூரில் யாராவது ஒருவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ என்ற அமெரிக்கப் படத்தை இதுவரை இரண்டு முறை போட்டிருக்கிறோம்; மூன்றாம் முறையும் போடப்போகிறோம். அந்த இரண்டு மாலைகளிலும் அதன் பிறகும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பகுதியைப் படம் பார்க்காதவர்கள் தயங்காமல் படிக்கலாம். இரண்டாம் பகுதி பார்த்தவர்களுக்கு மட்டுமே. கதையின் முடிச்சுகள் எல்லாம் அங்கே அவிழ்ந்து கிடக்கின்றன.

பார்ப்பதற்கு முன்

இது எதைப் பற்றிய படம்?

ஜோயல் கூச்ச சுபாவம் உள்ளவன். க்ளெமெண்டைன், தோன்றியதைத் தோன்றிய கணமே செய்துவிடுகிறவள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காதலித்த பிறகு இருவரும் சண்டையிட்டுப் பிரிகிறார்கள். அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று பரிசோடு அவள் வேலை பார்க்கும் புத்தகக் கடைக்குப் போகும் ஜோயலை, முன்பின் பார்த்திராத வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அவள் பார்க்கிறாள். ஒருவரைப் பற்றிய நினைவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு அவள் போய் வந்திருக்கிறாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. ஆத்திரத்தில் அவனும் அங்கே போகிறான். படத்தின் பெரும்பகுதி ஒரே இரவில், மயங்கித் தூங்கும் அவனுடைய தலைக்குள் நிகழ்கிறது.

பெயர் ஏன் இவ்வளவு நீளம்? அதற்கு என்ன பொருள்?

அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞர் 1717இல் வெளியிட்ட நெடுங்கவிதையில் வரும் தொடர் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த தத்துவ ஆசிரியர் அபெலார்டும் அவருடைய மாணவி எலோயிசாவும் காதலித்துப் பிரிக்கப்பட்ட வரலாற்றை அந்தக் கவிதை எடுத்துக்கொள்கிறது. கன்னிமடத்தில் அடைபட்டுக் கிடக்கும் எலோயிசா, காதலையே அறியாத கன்னியரின் கறைபடாத மனத்தில் என்றும் வீசும் வெயிலை எண்ணி ஏங்குகிறாள். ‘மாசற்ற மனத்தின் மறையாத வெயில்’ என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். படத்தில் மேரி என்ற பெண் இந்த வரிகளைத் தன் மேலாளரிடம் பெருமையாக ஒப்பிக்கும்போது, கவிஞரின் பெயரை முன்பின்னாக மாற்றிச் சொல்லி அவரைப் போப்பாண்டவர் ஆக்கிவிடுவாள். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் சிரித்தவர் ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்.

யார் எடுத்த படம்?

இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான மிஷெல் கோன்ட்ரி. திரைக்கதை சார்லி காஃப்மன். கதையின் விதை பியேர் பிஸ்முத் என்ற கலைஞரிடமிருந்து வந்தது: இன்னார் உங்களைத் தம் நினைவிலிருந்து அழித்துவிட்டார் என்று அறிவிக்கும் அட்டை ஒன்று உங்களுக்கு அஞ்சலில் வந்தால் எப்படி இருக்கும் என்பதே அவருடைய கற்பனை. 2005ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த அசல் திரைக்கதைக்கான விருது மூவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒளிப்பதிவு எலன் குராஸ், இசை ஜான் பிரயன். க்ளெமெண்டைனாக நடித்த கேட் வின்ஸ்லெட் சிறந்த நடிகைக்கான பரிந்துரையைப் பெற்றார்.

ஜிம் கேரி இருக்கிறாரே, சிரிப்புப் படமா?

இல்லை. முகத்தை ரப்பர்போல வளைத்துச் சிரிக்க வைத்த அதே மனிதர், இதில் தோளைக் குறுக்கிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுக்கிறார். வாய் ஓயாத, தலைக்குச் சாயம் பூசிய கலகக்காரியாக வருபவர் வின்ஸ்லெட். இருவருக்கும் வழக்கமாகக் கிடைக்கும் வேடங்களை இடம் மாற்றிக் கொடுத்தது இயக்குநரின் துணிச்சல். ஆனாலும் சிரிப்பு ஆங்காங்கே வரும். பெரும்பாலும் வரக்கூடாத இடத்தில் வரும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. கெட்ட வார்த்தைகள் உண்டு, படுக்கையறைப் பேச்சு உண்டு, வேலை நேரத்தில் குடித்தும் கஞ்சா புகைத்தும் கூத்தடிக்கும் ஊழியர்கள் உண்டு. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாத தரம் இதற்கு வழங்கப்பட்டது. அதைவிட முக்கியமான காரணம் வேறு: பிரிந்தவரோடு எதையாவது பகிர்ந்துகொண்ட அனுபவம் இல்லாதவர்களுக்கு இந்தப் படம் வெறும் குழப்பமாகவே தெரியும்.

பேச்சு புரியுமா?

ஜோயலின் முணுமுணுப்பு ஆங்கிலம் பழகிய காதுக்கும் எளிதில் பிடிபடாது. எழுத்துவரிகளைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் கால் மணி நேரம் போரடிக்கிறது என்கிறார்களே?

எங்கள் முதல் திரையிடலில் இரண்டு பேர் அந்த நேரத்தில்தான் அடுக்களைக்குத் தேநீர் போடப் போனார்கள். படம் முடியும்வரை ‘இது எப்போது நடந்தது’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிப்ரவரி மாதக் காலையில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவன், காரணமே இல்லாமல் எதிர்த்திசை ரயிலுக்கு ஓடி, மோன்டாக் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறான். அங்கே ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். ஜூரோங் கிழக்குக்குப் போக நிற்பவர் திடீரென்று பாசிர் ரிஸ் ரயிலில் ஏறிக் கடலைப் பார்க்கப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பெரும்பாலும் ஒரே நடைமேடையின் மறுபக்கம் திரும்பினாலே போதும், அவன் படிகளில் விழுந்தடித்து ஓட வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் படத்தின் பெயர்களே திரையில் வரத் தொடங்குகின்றன. படத்தின் நீளம் 108 நிமிடம். அந்தக் கால் மணி நேரத்தைச் சிதறாமல் பாருங்கள். தேநீரை முன்பே போட்டுவிடுங்கள்.

பார்த்த பிறகு

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது?

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தொடக்கத்தில் நாம் பார்க்கும் மோன்டாக் சந்திப்பு அவர்களுடைய முதல் சந்திப்பு அன்று. இருவருடைய நினைவுகளும் அழிக்கப்பட்ட பிறகு, அழிப்பு முடிந்த மறுநாள் காலையில் நிகழ்வது அது. பெயர்கள் வரும்போது ஜோயல் காரில் அழுதுகொண்டே போகிறானே, அது முந்தின நாள். பிறகு இரவு முழுவதும் நினைவுகள் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி அழிகின்றன. விடிந்ததும் தொடக்கக் காட்சியோடு கதை மீண்டும் சேர்ந்து, அங்கிருந்து முடிவை நோக்கி நடக்கிறது.

குழம்பினால் அவளுடைய தலைமுடியைப் பாருங்கள். உண்மையான முதல் சந்திப்பில் பச்சை. காதல் செழித்த நாள்களில் சிவப்பு. உறவு தேயும்போது ஆரஞ்சு. பிரிந்து அழித்த பிறகு நீலம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பனியும் கோட்டும் உதிர்ந்த மரமும் மாதத்தைச் சொல்லிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே வெக்கையில் வாழும் நமக்கு அந்தக் குறிப்புகள் கண்ணில் படுவதில்லை. ஆகவே நமக்கு முடியின் நிறமே நாள்காட்டி.

நினைவுகள் ஏன் பின்னிருந்து அழிக்கப்படுகின்றன? முதலிலிருந்து அழித்தால் என்ன?

புதிய நினைவுகளில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே முறை என்று அந்த நிறுவனத்தின் மருத்துவர் ஒரு விளக்கம் தருகிறார். அது கதைக்குள் சொல்லப்படும் காரணம். படத்தின் உண்மையான காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். இந்தப் படத்தை நான் மதிப்பதும் அதற்காகவே.

பிரிந்த ஒருவரைப் பற்றி நண்பரிடம் பேசும்போது நாம் எங்கிருந்து தொடங்குகிறோம்? கடைசிச் சண்டையிலிருந்து. அந்தச் சண்டையின் வெளிச்சத்தில்தான் முந்தைய இரண்டு ஆண்டுகளையும் பார்க்கிறோம். அப்போதே அவன் அப்படித்தான், அப்போதே அவள் இப்படித்தான் என்று பழைய நல்ல நாள்களுக்கும் கறுப்பு மை பூசிவிடுகிறோம். ஜோயல் நாடாவில் பதிவுசெய்யும் வாக்குமூலமும் அத்தகையதுதான். ஆனால் அழிப்பு தொடங்கியதும் முதலில் போவது அந்தக் கடைசிச் சண்டை. அடுத்து உணவகத்தில் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த இரவு போகிறது. கசப்பு ஒவ்வோர் அடுக்காக உரிந்து போகப் போக, அடியில் இருந்தவை மேலே வருகின்றன: போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, சிறு வயதில் தன்னை அசிங்கம் என்று நினைத்து அழுததை அவள் சொல்லும் இரவு, உறைந்த ஆற்றின் மேல் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்த இரவு. அங்கே வந்ததும்தான் ‘இந்த ஒன்றையாவது விட்டுவிடுங்கள்’ என்று அவன் கெஞ்சத் தொடங்குகிறான். ஒரு காதலை அதன் முடிவைக் கொண்டு அளக்கும் பழக்கம் நமக்கு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதை, யாரும் யாருக்கும் உபதேசம் செய்யாமல், காட்சிகளின் வரிசையாலேயே படம் காட்டிவிடுகிறது. இதையே நேர்வரிசையில் சொல்லியிருந்தால், காதலித்தார்கள், சலித்தார்கள், பிரிந்தார்கள் என்ற பழைய கதையாக முடிந்திருக்கும்.

அந்த மாயக் காட்சிகள் கணினியில் செய்யப்பட்டவையா?

சில இடங்களில் கணினியின் உதவி உண்டு. ஆனால் முடிந்தவரை படப்பிடிப்புத் தளத்திலேயே, கேமராவின் முன்னாலேயே செய்துவிடுவது கோன்ட்ரியின் பிடிவாதம். நாலு வயது ஜோயல் மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் அடுக்களைக் காட்சியில் ஜிம் கேரி சிறு பிள்ளையின் அளவில் தெரிவதற்குக் காரணம், தொலைவையும் அளவையும் மாற்றிக் கட்டிய அரங்கம். மருத்துவரின் அறையில் ஒரே காட்சித்துண்டில் இரண்டு ஜோயல்கள் தெரியும் இடத்தில், கேமரா திரும்புவதற்குள் அவர் அதன் பின்னால் ஓடி, உடை மாற்றி, மறுபக்கம் வந்து நின்றிருக்கிறார். நம் ஊர் மேடை நாடகக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் ஓடி வேடம் மாற்றிய அனுபவம் எங்கள் வட்டத்திலேயே இரண்டு பேருக்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது புத்தகக் கடைக் காட்சி. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அலமாரிகளில் இருக்கும் புத்தகங்கள் தலைப்பும் நிறமும் இழந்து வெளுத்துப் போகின்றன. இந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்த நாள் 2004 மார்ச் 19. அதே மாதம் 31ஆம் தேதி, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த நம்முடைய பழைய தேசிய நூலகம் கடைசியாகக் கதவை மூடியது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்கு இடம்விட்டு அந்தச் செங்கல் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. அதன் வாசலில் நின்ற இரண்டு செங்கல் தூண்களை இன்றும் பார்க்கலாம். தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் அந்த நூலகத்தின் படிக்கட்டில் யாருக்காகவாவது காத்திருந்தவர்கள், வெளுத்துப்போகும் அலமாரியைப் பார்க்கும்போது நம் அறையில் விழும் மௌனம் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

நினைவை இப்படி உண்மையில் அழிக்க முடியுமா?

முடியாது. ஒருவரைப் பற்றிய நினைவு மூளையின் ஏதோ ஓர் இடத்தில் பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருப்பதில்லை. பார்த்தது, கேட்டது, பயந்தது என்று பல பகுதிகளில் பரவியிருக்கிறது. என்றாலும் படத்தின் கற்பனை வெறும் காற்றில் கட்டியதன்று. 2000ஆம் ஆண்டில் கரிம் நேடர், கிளென் ஷாஃபே, ஜோசஃப் லடூ ஆகியோர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், பழைய பய நினைவு ஒன்றைத் தூண்டி எழுப்பிய உடனேயே, மூளையின் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அந்தப் பயம் பிறகு பெரிதும் குறைந்துபோனது. எழுப்பப்பட்ட நினைவு மீண்டும் சேமிக்கப்பட வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில் அது மாறக்கூடியதாக இருக்கிறது என்பது அதிலிருந்து வலுப்பெற்ற கருத்து. படத்திலும் ஒரு நினைவை அழிக்க வேண்டுமானால் அதை முதலில் எழுப்பியாக வேண்டும். அதற்காகத்தான் காதலியின் நினைவாக வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஜோயலின் முன்னால் வைத்து அவன் மூளையைப் படமெடுக்கிறார்கள்.

அழித்த பிறகும் இருவரும் ஏன் மோன்டாக்குக்கே போகிறார்கள் என்ற கேள்விக்கும் மருத்துவ வரலாற்றில் ஒரு தொலைவான எதிரொலி உண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால் அதன் பிறகு புதிய நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவம் வரையும் பயிற்சியில் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கதை மறந்துபோனாலும் கற்றது எங்கோ தங்கிவிடுகிறது. இதை வைத்துக் காதலும் அப்படித் தங்கும் என்று சொல்ல அறிவியலில் இடமில்லை. ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இடமுண்டு.

நம் மரபில் இதற்கு ஒப்பான கதை உண்டா?

சகுந்தலை. முனிவரின் சாபத்தால் துஷ்யந்தன் அவளை மறக்கிறான். மீன் வயிற்றிலிருந்து கிடைத்த மோதிரத்தால் நினைவு திரும்புகிறது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகத் தமிழில் நடித்தார் என்பதைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். அந்தக் கதையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் இந்தப் படம் கிடைக்கும். அங்கே மறதி பிறர் இட்ட சாபம். இங்கே காசு கொடுத்து வாங்கிய சேவை. அங்கே ஒரு மோதிரம் எல்லாவற்றையும் மீட்டுத் தருகிறது. இங்கே மோதிரத்துக்கு ஒப்பான அத்தனை பொருளையும் குப்பைப் பைகளில் கட்டி ஜோயலே கொண்டுபோய் ஒப்படைக்கிறான்.

தமிழ்ப் படங்களில் மறதி பெரும்பாலும் விபத்தாலோ தாக்குதலாலோ வருகிறது: ‘மூன்றாம் பிறை’ (1982), ‘கஜினி’ (2005), ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012). விரும்பி மறப்பவர் நம் கதைகளில் அரிது. மறக்கவே முடியாதவருக்குக் குறைவில்லை. ‘96’ படத்தின் ஜானு ஓர் இரவு நினைவுகளோடு இருந்துவிட்டு விமானம் ஏறித் திரும்புவது நம் சிங்கப்பூருக்குத்தான். ‘நினைந்தவர் புலம்பல்’ அதிகாரத்தில் வள்ளுவரின் தலைவியும், மறவாமல் நினைக்கும்போதே நெஞ்சு சுடுகிறதே, மறந்துவிட்டால் என்ன ஆவேனோ என்று (1207) அஞ்சுகிறாள். க்ளெமெண்டைன் அந்த அச்சம் இல்லாதவள். அதனால்தான் முதல் திரையிடலில் எங்கள் அத்தைமார்களுக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம்.

அந்தக் கோபம் நியாயமா?

பாதி நியாயம். நாம் பார்க்கும் க்ளெமெண்டைன்களில் பெரும்பாலானவர்கள் ஜோயலின் நினைவுக்குள் இருப்பவர்கள். அங்கே அவள் பேசுவது அவன் எழுதிக்கொடுத்த வசனம். என்னை ஒளித்துவை என்று அவனுக்கு வழி சொல்லி, அவமானம் நிறைந்த அவனுடைய பிள்ளைப் பருவத்துக்குள் அவனோடு ஓடும் அந்த அன்பான பெண்ணும் அவனுடைய படைப்புத்தான். உண்மையான அவள் ஏன் பிரிந்தாள், ஏன் அழித்தாள் என்பதற்கு அவளுடைய நாடாப் பதிவு ஒன்றுதான் சாட்சி. படத்தின் குறை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அவளுடைய தலைக்குள் நடந்த இரவை நாம் பார்க்கவேயில்லை.

மேரியின் கிளைக்கதை தேவையா?

மிகவும் தேவை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் மறதிக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மேரி, மருத்துவர்மேல் தனக்குப் புதிதாகக் காதல் பிறந்துவிட்டதாக நம்புகிறாள். ஏற்கெனவே ஒரு முறை அவரைக் காதலித்து, அதை அதே நிறுவனத்தில் அழித்துக்கொண்டவள் அவள் என்பது அவருடைய மனைவியின் வாயால் வெளிப்படுகிறது. அழித்தும் அதே குழியில் விழுந்தவள் அவள். ஜோயலுக்கும் க்ளெமெண்டைனுக்கும் அதுவே நடக்கலாம் என்ற எச்சரிக்கை அங்கே இருக்கிறது. அவள் எல்லா நாடாக்களையும் உரியவர்களுக்கு அஞ்சலில் அனுப்பாவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது.

முடிவு மகிழ்ச்சியானதா, சோகமானதா?

இருவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் கக்கிய வெறுப்பைத் தம் காதாலேயே கேட்டுவிட்டார்கள். நீ என்னில் குறை காண்பாய், நான் உன்னிடம் சலித்துப்போவேன் என்று வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அவள் சொல்கிறாள். சரி என்கிறான் அவன். அவளும் சரி என்கிறாள். இதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் அறையில் பாதிப் பேர்; இன்னும் இரண்டு ஆண்டில் மறுபடியும் அந்த மருத்துவரிடம் போவார்கள் என்று சொன்னவர்கள் மீதிப் பேர். நான் முதல் தரப்பு, ஆனால் ஒரு திருத்தத்தோடு: அவர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முடிவைத் தெரிந்துகொண்டே தொடங்க ஒப்புக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். திருமணமாகி முப்பது ஆண்டு கண்ட ஒரு தம்பதியர் அந்தக் காட்சியில் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள். அதற்கு மேல் அவர்களிடம் நான் கேட்கவில்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

முதல் சில நிமிடங்களைத்தான். தொடக்கத்தில் ஜோயல் தன் காரின் பக்கவாட்டில் ஒரு நசுங்கலைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் காரின்மேல் பழிபோட்டு ஒரு சீட்டு எழுதி வைக்கிறான். கடற்கரையில் நாட்குறிப்பைத் திறந்தால் நடுவில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. தான் எப்போது கிழித்தோம் என்று யோசிக்கிறான், இரண்டு ஆண்டுகளாக எழுதவேயில்லை என்று முடிவுக்கு வருகிறான். முதல் முறை பார்க்கும்போது மறதிக்கார மனிதன் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அந்த நசுங்கல் கடைசிச் சண்டை நடந்த இரவில் க்ளெமெண்டைன் அவனுடைய காரை ஓட்டிப்போய் மோதி ஏற்படுத்தியது.